கோமியம் விட்டுக் கழுவிய சீசா

என் மாமியார் சுத்தக்காரி. காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் அவரைப் பற்றி முதலில் அதைத்தான் சொல்வார்கள். சிவதீட்சை வாங்கியவர். குளிக்காமல் அடுப்பைத் தொட மாட்டார். தெருவில் போய்விட்டு வந்தவர் காலைக் கழுவாமல் தறி இருக்கும் கூடத்தில் நுழைந்தால் அன்றைக்கு அவர் கதி அதோகதிதான். கொல்லையில் ஒரு பசு நின்றது. அதன் கோமியத்தை விடியற்காலையில் பிடித்து ஒரு செம்பில் வைத்திருப்பார். வீட்டு விலக்கு முடிந்து நாங்கள் தலை முழுகினால் கோமியம். சாவு வீட்டுக்குப் போய் வந்தால் கோமியம். கடன்காரன் வாசலில் கத்திவிட்டுப் போனால்கூட அதுதான். எங்கள் அம்மா வீட்டிலும் தெளிப்பது உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எதற்கும் ஒரு அளவு வேண்டாமா?

நான் வாலாஜாபாத்திலிருந்து அந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தவள். அறுபதுகளின் கடைசி. முதல் பிள்ளை வயிற்றில் தங்கியதும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். கூட்டமான கூட்டம். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. வாந்தி இருந்தது, அது எல்லாப் பெண்களுக்கும் இருப்பதுதான். நர்ஸ் ஒரு சின்ன சீசாவைக் கையில் கொடுத்தாள். எப்போதோ டானிக் இருந்த சீசா, லேபிளைச் சுரண்டிய பசை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"காலையில எழுந்ததும் மொதல்ல போற ஒண்ணுக்க இதுல புடிச்சுக் குடுத்தனுப்பும்மா. கழுவிட்டுப் புடி. அடுத்தது யாரு?"

அவ்வளவுதான் பாடம். எதில் கழுவுவது, எப்படிப் பிடிப்பது, எத்தனை நாழிக்குள் கொண்டுவருவது, ஒரு வார்த்தை கிடையாது. எனக்குப் பின்னால் வரிசை வாசல்வரை நின்றது. அவளைச் சொல்லியும் குற்றமில்லை.

வீட்டு வாசலிலேயே மாமியார் சீசாவை மறித்துவிட்டார். "அங்கியே நில்லு. எவ எவ பேஞ்ச சீசாவோ! எந்த ஜாதிக்காரி, எந்தத் தெருக்காரி, என்னான்னு கண்டோம்? இத எடுத்துக்கினு பாவு பூட்டியிருக்கிற வூட்டுக்குள்ள வருவியா?" முகூர்த்தப் பட்டு ஒன்று அப்போது தறியில் இருந்தது. தறியிருக்கும் கூடம் அவருக்குக் கருவறை மாதிரி. சீசாவைச் சந்து வழியாகக் கொல்லைக்குக் கொண்டுபோகச் சொன்னார். சாம்பல் போட்டுத் தேய்த்தார். தண்ணீர் விட்டு அலசினார். அதோடு விட்டிருந்தால் என் கதையே வேறு. செம்பிலிருந்து கோமியத்தை அதற்குள் ஊற்றி, மூடியைப் போட்டு நன்றாகக் குலுக்கிக் கொட்டினார். மூடிக்கும் தெளித்தார். "இனிமே தண்ணி காட்டாத. இப்பத்தான் சுத்தம்" என்று மாட்டுக்கொட்டகைச் சுவரில் கவிழ்த்து வைத்தார்.

மறுநாள் காலையில் அதில்தான் பிடித்தேன். பிடித்ததை வீட்டுக்குள் வைக்க முடியுமா? கொல்லைச் சுவர்மேலேயே வைத்தேன். என் வீட்டுக்காரர் உடனே எடுத்துப் போயிருக்க வேண்டும். அவரோ தறிக்குழியை விட்டு எழுந்திருக்கவில்லை. கரையில் ஒரு பூ பாதியில் நிற்கிறதாம், அதை முடித்துவிட்டுத்தான் வருவாராம். நான் இரண்டு தரம் போய் நின்றேன். "வர்றேன், வர்றேன், அதுக்குள்ள இன்னா ஓடியா பூடும்?" என்றார். பூவை முடித்து, சாப்பிட்டு, சைக்கிளில் பையை மாட்டிக்கொண்டு அவர் கிளம்பும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. சீசாவைத் தொட்டால் சுட்டது.

முடிவு கேட்க நானும் மாமியாரும் போனோம். லேடி டாக்டர் சீட்டைப் பார்த்தபடியே பேசினார். "மூத்திரத்துல கிருமி ஏராளமா இருக்குது. எரிச்சல் இருக்குதா?"

"இல்லீங்க."

"ஜுரம்? கடுப்பு?"

"ஒண்ணும் இல்லீங்க."

"சிலருக்கு வெளிய தெரியாது. மாத்திரை எழுதறேன். எதுக்கும் வீட்டுக்காரரையும் ஒருதரம் கூட்டிக்கினு வா, அவருக்கும் பார்த்துடலாம்."

அந்த அம்மாள் என்ன நினைத்துச் சொன்னாரோ. எரிச்சலும் இல்லை, ஜுரமும் இல்லை, பின்னே எப்படி இவ்வளவு கிருமி என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் இன்னொரு சீசா கொடுத்திருப்பார். அந்த ஒரு நிமிஷம் எனக்குக் கிடைக்கவில்லை. பெண்சாதிக்கு நோய், புருஷனையும் கூட்டி வா என்று ஆஸ்பத்திரியில் சொன்னால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். மேகநோய், தகாத சேர்க்கையில் ஒட்டுவது. மாமியார் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். ரிக்‌ஷாவில் என் புடவை தன்மேல் படாமல் ஒதுங்கி உட்கார்ந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் வெடித்தார். "எம்புள்ள தறிக்குழிக்கும் கோயிலுக்கும் தவிர வேற எங்கயும் கால் வெச்சதில்ல. அப்போ இது எங்கேர்ந்துடி வந்துச்சு? உங்க ஊர்லேர்ந்து கொண்டாந்தியா?" நான் புருஷன் முகத்தைப் பார்த்தேன். அவர் ஊடை ஓட்டும் நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். அன்றைக்கே எனக்குத் தனித் தட்டு, தனிச் சொம்பு, கொல்லையில் படுக்கை. மாத்திரையை நாய்க்குப் போடுகிற மாதிரித் தூக்கிப் போட்டார்கள். அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். "வயித்துல இருக்கிறது மட்டும்..." என்று ஆரம்பித்து, பக்கத்து வீட்டுக்காரி காதுபட நிறுத்தினார் பாருங்கள், அதைப் பொறுக்க முடியவில்லை. சொல்லி முடித்திருந்தாலாவது பதில் சொல்லியிருக்கலாம். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. ஒரு வாரத்தில் என் பிள்ளைக்கு அப்பன் யார் என்று தெருவே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது.

அப்பாவுக்கு ஆள் போனது. அவர் வந்து தலைகுனிந்து நின்று, என்னை வாலாஜாபாத் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார். நோய் தீர்ந்தால் பார்ப்போம் என்று சொல்லி அனுப்பினார்கள். தீராவிட்டால்? அதை யாரும் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை.

வாலாஜாபாத்தில் ஒரு டாக்டரம்மா இருந்தார். கோபக்காரி, வாய்க்கு வந்தபடி திட்டுவார், ஆனால் காது கொடுத்துக் கேட்பார். நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் கையை நீட்டி நிறுத்தினார்.

"இரு, இரு. சீசாவ எதுல கழுவினாங்க?"

சொன்னேன். பேனாவைக் கீழே வைத்தார். முதலில் சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "அடக் கடவுளே! மாட்டு மூத்திரம் ஊத்தின சீசாவுல உன்னுத புடிச்சு, வெயில்ல வேற ஊறப்போட்டா, கிருமி கோடி கோடியாத்தான் பெருகும். அது உன் கிருமி இல்லம்மா, மாட்டுக்கொட்டாய்க் கிருமி. பழி ஒரு இடம், பாவம் ஒரு இடம்னு இதத்தான் சொன்னாங்க."

கொதிக்கவைத்த சீசா ஒன்றை அவரே கொடுத்தார். இடுப்புக்குக் கீழே நன்றாகக் கழுவிக்கொண்டு, முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதைப் பிடித்து, சீசாவின் உட்புறத்தில் விரல் படாமல் மூடி, கையோடு கொண்டுவரச் சொன்னார். இதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? வெற்றிலை மடிக்கிற நேரம்கூட இல்லை. அந்தச் சோதனையில் ஒரு கிருமியும் இல்லை. ஒன்றுமே இல்லை என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டைப் பார்த்ததும் சந்தோஷம் வரவில்லை எனக்கு. ஆத்திரம்தான் வந்தது.

அப்பாவும் நானும் காஞ்சிபுரம் போனோம். வாசலிலேயே நிற்கவைத்தார்கள். அப்பா மென்று முழுங்கி, சீசா கதையைச் சொன்னார். மாமியார் காதைப் பொத்திக்கொண்டார். "சிவ சிவா! கோமியத்துல கிருமியா? பசு மாட்டுப் பின்னால மகாலட்சுமி குடியிருக்கிறா. கோயில்ல சாமிக்கே ஊத்தறாங்க. உம்பொண்ணு நோய மறைக்கிறதுக்கு மகாலட்சுமி மேலயே பழி போடுறியா?" தெரு கூடிவிட்டது. அப்பா கைகூப்பினார். எனக்குப் பின்னால் இரண்டு தங்கைகள் கல்யாணத்துக்கு நின்றார்கள், நான் வாழாவெட்டியாகத் திரும்பினால் அவர்கள் கதி என்ன ஆகும் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. கடைசியில் மாமியார் இறங்கி வந்தார். பெரிய மனசு! "சரி. வாசல்லயே ஒரு வாய் கோமியம் குடிச்சிட்டு, தலையில தெளிச்சிக்கினு உள்ள வரட்டும்."

என் வீட்டுக்காரர் கதவருகே வந்து நின்றார். டாக்டரம்மாவின் சீட்டை வாங்கி, நின்ற இடத்திலேயே படித்தார். படிக்கத் தெரிந்தவர்தான், எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இப்போது சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். இவளுக்கு ஒன்றும் இல்லையாம், உள்ளே வரட்டும். இவ்வளவுதானே?

"ஒரு வாய்தான? குடிச்சிட்டு வாயேன். அம்மா மனசு ஆறட்டும்" என்றார்.

குடித்தேன். தெருவே பார்க்க, வயிற்றில் பிள்ளையோடு நின்று குடித்தேன். தொண்டையில் இறங்கியது கோமியம் இல்லை, அவமானம். அப்பா மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

பெண் பிறந்தாள். அச்சில் வார்த்த மாதிரி அப்பன் சாடை, மூக்கு முதற்கொண்டு. தெரு வாயை மூடிக்கொண்டது. தொட்டில் போடுகிற அன்றைக்கு வீடு நிறைய பெண்கள். மாமியார் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஆரம்பித்தார்: "எப்பேர்ப்பட்ட நோயி தெரியுமாம்மா இவளுக்கு! ஆஸ்பத்திரி மாத்திரைக்கே அசையல. நம்ம மகாலட்சுமி ஒரு வாய் உள்ள போச்சு, போன எடம் தெரியல. புள்ளைக்கு ஒரு கொற உண்டா பாரு." பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒருத்தி என்னைப் பார்த்து, "புண்ணியம் பண்ணியிருக்கேம்மா நீ" என்றாள்.

என் வீட்டுக்காரர் கூடத்து ஓரத்தில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றார். எழுந்து நேராக அவரிடம் போனேன்.

"கேட்டுக்கினுதான இருக்கீங்க? எனக்கு நோயே இல்லன்னு சொல்லுங்க."

சுற்றுமுற்றும் பார்த்து, குரலைத் தாழ்த்தி, நிஜமான பிரியத்தோடுதான் சொன்னார்.

"அதத்தாம்மா அம்மாவும் சொல்றாங்க. இப்ப இல்லன்னு."