சலங்கை வராத பெட்டி

திருவொற்றியூரில் எங்கள் வீட்டுக் கூடம் பத்துக்குப் பன்னிரண்டு. அதில் ஒரு கட்டில், ஒரு பீரோ, ஒரு தையல் மிஷின். மிச்ச இடத்தில் நானும் என் மனைவியும் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளும் குடியிருக்கிறோம். பெட்டிகளை நானே செய்தேன். கழித்துப் போட்ட கன்டெய்னரின் தரைப்பலகையை வாங்கி அறுத்து ஒட்டியது. கப்பலில் ஊர் ஊராகச் சுற்றிய பலகை, ஆணி அடித்தால் ஆணிதான் வளையும். பெட்டிக்கு ஒரே ஒரு எட்டு இன்ச் ஸ்பீக்கர். கனத்த சத்தத்துக்கு ஒன்று, கூர்மையான சத்தத்துக்கு ஒன்று என்று பிரிக்காமல், மிருதங்கமும் புல்லாங்குழலும் அந்த ஒரே காகிதக் கோனிலிருந்து வரவேண்டும். ஃபுல் ரேஞ்ச் என்பார்கள்.

இவ்வளவுக்கும் காரணம் ஒரு பாட்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ராயபுரம் ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் அடிக்கடி போடுவார்கள். பல்லவி முடிந்து வாத்தியமெல்லாம் ஓய்ந்த பிறகு, அந்தப் பாடகி மூச்சு வாங்குகிற இடைவெளியில் ஒரே ஒரு சலங்கை கேட்கும். யாரோ ஒரு காலை மட்டும் எடுத்து வைத்த மாதிரி, சின்னதாக. டீயைக் கையில் வைத்துக்கொண்டு அதற்காகவே நிற்பேன். அப்புறம் வாழ்க்கை கப்பல் ரிப்பேரில் போய்விட்டது. இரும்புத் தகட்டிலிருந்து துருவைக் கொத்தி எடுக்கிற வேலை, அதன் பிறகு கிரைண்டிங். பாட்டு கேட்க ஏது பொழுது? ஓய்வு பெற்றதும் ஒரே ஆசைதான் மிச்சம் இருந்தது. அந்தச் சலங்கையை என் வீட்டில் உட்கார்ந்து ஒரு தடவை கேட்கவேண்டும்.

முதலில் பெட்டிகளைச் சுவரோடு ஒட்டி வைத்தேன். இடத்தை அடைக்கக்கூடாது என்ற எண்ணம். சோதனைக்கு ஒரு ஆண் குரல் பாட்டைப் போட்டேன். அடுப்படியிலிருந்து மனைவி சொன்னாள்:

"இன்னாய்யா, அந்தாளு தொண்டையில சளி கட்டிகினு பாடறாரு?"

சரியாகத்தான் சொன்னாள். சுவர் கிட்டே இருந்தால் கனத்த சத்தம் வீங்கிப்போகும். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் குழாய் வாங்கி, நானே வெல்டு வைத்துக் கால்கள் செய்து, பெட்டிகளைச் சுவரிலிருந்து இரண்டு முழம் முன்னால் இழுத்தேன். கட்டிலுக்குப் போக ஒருக்களித்து நடக்கவேண்டிய நிலைமை. அவள் ஒருக்களித்து நடந்துகொண்டே, "சளி எறங்கிச்சு. நம்ம வூடுதான் நெஞ்சட்ச்சிகினு கீது" என்றாள்.

குரல் தெளிந்தது. பெட்டிகள் இருப்பதே தெரியாமல், இரண்டுக்கும் நடுவே ஆள் நின்று பாடுகிற மாதிரி ஆனது. உடனே அந்தப் பாட்டைப் போட்டேன். பல்லவி முடிந்தது, வாத்தியம் ஓய்ந்தது, பாடகி மூச்சு வாங்கினார். அப்புறம் சரணம் வந்துவிட்டது. சலங்கை வரவில்லை.

மறுபடி போட்டேன், வரவில்லை. பெட்டிக்குள் திணித்த இலவம்பஞ்சு சத்தத்தைக் குடிக்கிறதோ என்று பாதியை உருவி எடுத்தேன். முகப்பில் கட்டிய துணியைக் கழற்றினேன். ஒயரை மாற்றினேன். எதற்கும் அது அசையவில்லை. ராயபுரத்தில் ரேடியோ ரிப்பேர் பார்க்கும் என் தோஸ்துக்குப் போன் போட்டேன். அந்தக் காலத்தில் டீக்கடையில் என்னோடு நின்றவன்.

"கடல்காத்துல கோனு ஊறிப்போச்சா பாரு மாமு."

"பாத்துட்டேன். மொறமொறன்னு கீது."

"அப்ப பெட்டிய உன் மூஞ்சிக்கு நேரா திருப்பு. இந்த ஸ்பீக்கர்ல கூர் சத்தம் டார்ச் லைட்டு மாதிரி, நேராத்தான் போவும். நீ ஓரமா குந்திகினு பேஜாராவாத."

திருப்பினேன். இரண்டு பெட்டியும் என் முகத்தை முறைத்தன. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பாட்டைப் போட்டேன். பல்லவி, வாத்தியம், ஓய்வு, சரணம். அவ்வளவுதான்.

என் மனைவி நாற்காலிக்கு நேர் பின்னால் வாசற்படியில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். அங்கிருந்து குரல் வந்தது.

"யோவ், அத்த கொஞ்சம் அந்தாண்ட திருப்பேன். அந்தச் சலங்க காதுல ஊசி குத்தறா மாதிரி கீது."

"எந்தச் சலங்க?"

"பாட்டுல வருதே. அந்தம்மா மூச்சு வுடச்சொல."

பாட்டைப் பின்னால் தள்ளி மறுபடி போட்டேன். "இதோ" என்றாள். இன்னொரு தடவை போட்டேன். "இதோ." அவள் "இதோ" சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது. அதற்கு முன்னால் ஃபேன் சுற்றியது கேட்டது, எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரி போனது கேட்டது.

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கும் புரிந்துவிட்டது, எனக்கும். சுத்தியலும் கிரைண்டரும் எத்தனையோ வருஷம் என் காதுக்குப் பக்கத்தில் இருந்தன. பெட்டியில் குறை ஒன்றுமில்லை.

"நான் கூப்புட்டாகூட நீ திரும்பறதில்ல," என்றாள். "திமிருன்னு நெனச்சிகினு இருந்தேன்."

"பாதி திமிருதான்மே."

சிரித்தாள். அப்புறம் என் தோளில் கை வைத்தாள்.

நாற்காலியை விட்டு எழுந்து அவளை உட்காரச் சொன்னேன். "எனுக்கு எதுக்குய்யா, மீனு கீது" என்றாள். மீனை மூடிவைத்துவிட்டு வா என்றேன். அவள் நாற்காலியில், நான் பெட்டிகளுக்குப் பக்கத்தில் தரையில். பெட்டிகளைக் கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்பினேன்.

"இப்ப?"

"இப்ப சலங்க செருப்பு போட்டுகினு நடக்குது."

அதிகம் திருப்பிவிட்டேன் போல. நூலளவு உள்ளே கொண்டுவந்தேன்.

"இப்ப செருப்ப கயட்டிடுச்சு. ஆனா அந்தம்மா பீரோ மேல சாஞ்சிகினு பாடுது."

இடது பெட்டியை அரை விரல்கடை பின்னால் நகர்த்தினேன்.

"ஆங். நடுவுல வந்து நின்னுச்சு. தொடாத, அப்டியே வுடு."

நான்கு கால்களையும் சுற்றித் தரையில் சாக்பீஸால் கோடு போட்டேன், இரண்டு பெட்டிக்கும். பிறகு கேட்டேன், வாய்விட்டுக் கேட்கக் கூச்சமாகத்தான் இருந்தது: "அது எப்டி கீது, சொல்லேன்."

மாவில் உப்பு பார்க்கும்போது நாக்கில் வைத்து யோசிப்பாளே, அந்த மாதிரி யோசித்தாள்.

"பக்கத்து ரூம்புல யாரோ கொலுசு போட்டுகினு எந்திரிச்சா மாதிரி கீது. வரப்போறாங்கன்னு தோணுது. ஆனா வர்ல."

டீக்கடையில் நின்ற நாட்களில் நான் சொல்லத் தெரியாமல் வைத்திருந்தது அதுதான்.

"இன்னொரு வாட்டி போடு" என்று அவளே கேட்டாள், கண்ணை மூடிக்கொண்டாள். போட்டேன். பல்லவி முடிந்து வாத்தியங்கள் ஓய்ந்தன. நான் பாட்டைக் கேட்பதை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இடம் வந்தபோது, கண்ணைத் திறக்காமலே, யாரோ வருகிற பக்கமாகத் தலையை லேசாகத் திருப்பினாள்.