மூன்றாவது துளைக்கு வைத்த சாக்கு

கரண்டைப் பார்த்து எனக்குப் பயம் கிடையாது. இருபத்தைந்து வருடமாக அதோடுதான் பிழைப்பு. எங்கே தொடலாம், எங்கே தொடக்கூடாது என்று தெரிந்துகொண்டால் அது தன் வழியில் போகும், நாம் நம் வழியில் போகலாம். நெருப்பு அப்படியில்லை. தீக்குச்சி கிழித்தாலே கையைத் தள்ளிப் பிடிக்கிற ஆள் நான். வீட்டில் கேஸ் அடுப்பைப் பற்றவைப்பது மனைவியின் வேலை. நான் கிட்டப் போனால், "வயரிங் பாஸ் கொஞ்சம் தள்ளி நில்லுங்க, ஒங்களுக்கு மயக்கம் வந்துரும்" என்று கேலி செய்வாள். கேலிதான், ஆனால் பொய்யில்லை.

ஹாலிஎலவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், பன்னிரண்டு காம்பராக்கள், ஒற்றை அறை வீடுகள், வரிசையாக ஒட்டி நிற்கிற லயத்தில் பிறந்தவன் நான். காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவில் சுவர் உண்டு, ஆனால் அது கூரை வரை போகாது. கூரைத் தகரத்திலிருந்து பனித்தண்ணி சொட்டும் என்று எல்லா வீட்டிலும் பழைய சாக்குகளைப் பிரித்துத் தைத்து மேலே கட்டியிருப்பார்கள். சுவரில் ஓட்டை விழுந்தால் சாக்கு, ஜன்னல் உடைந்தால் சாக்கு. குளிருக்கும் பக்கத்து வீட்டு அடுப்புப் புகைக்கும் எங்களுக்குத் தெரிந்த மருந்து அது ஒன்றுதான்.

எனக்கு எட்டு வயதிருக்கும். பெரியவர்கள் எல்லாரும் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போயிருந்த ஒரு காலை நேரம், இரண்டாவது காம்பராவில் அடுப்பிலிருந்து தீ பிடித்தது. எங்களுடையது ஒன்பதாவது. நெருப்பு தூரத்தில்தானே என்று வாசலில் நின்று வேடிக்கை பார்த்தேன். அது ஒவ்வொரு வீடாக வரவில்லை. மேலே கட்டியிருந்த சாக்கில் ஏறி, சுவர்களுக்கு மேலாகவே ஓடி வந்தது. திரும்பிப் பார்த்தபோது எங்கள் தலைக்கு மேலே எரிந்துகொண்டிருந்தது. உள்ளே தொட்டிலில் தங்கை. காய்ச்சல் என்று வேலைக்குப் போகாமல் நின்ற பக்கத்து வீட்டு அக்காதான் உள்ளே பாய்ந்து அவளைத் தூக்கி வந்தார். நான் தூக்கவில்லை. கால் அசையவேயில்லை. தங்கை இன்று மூன்று பிள்ளைகளுக்குத் தாய். எனக்கு மட்டும் அந்தக் கால் இன்னும் அங்கேயே நிற்கிறது.

இப்படிப்பட்டவன்தான் மூன்று வருடத்துக்கு முன்னால் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

பதுளை டவுனில் ஒரு முஸ்லிம் முதலாளியின் புதுக் கட்டிடம். கீழே அவருடைய புடவைக் கடை. அதற்கு மேல் இரண்டு மாடியிலும் ஸ்டோர். மூன்றாம் மாடியில் வாடகைக்கு விட ஒரு பெரிய ஹோல், மண்டபம் மாதிரி. வயரிங் வேலை எனக்கும் என் கூட்டாளிக்கும் வந்தது. அவனும் என் தோட்டத்துக்காரன்தான், என்னைவிட இரண்டு வயது இளையவன்.

ஏறி இறங்க ஒரே ஒரு படிக்கட்டு. அதனால் கொழும்பிலிருந்து வந்த இன்ஜினியர் ஒரே பிடியாக நின்றார். ஆபத்து மணிக்கும் படிக்கட்டு விளக்குக்கும் தீ தாங்கும் கேபிள்தான் போட வேண்டும். சாதாரண வயர் என்றால் நெருப்பில் உருகி மணியும் நின்றுவிடும், விளக்கும் அணைந்துவிடும். அப்புறம் ஆட்கள் இருட்டிலும் புகையிலும் படியைத் தேடிச் சாக வேண்டியதுதான். இந்தச் சிவப்புக் கேபிள் நெருப்புக்குள் கிடந்தாலும் கரண்டை விடாது. ஆனால் கேபிளைப் போட்டால் மட்டும் போதாது என்றார். பிளாஸ்டிக் கிளிப் போட்டால் அது உருகி, கேபிள் கழன்று தொங்கி, ஓடுகிறவர்களின் கழுத்தில் மாட்டும், எனவே இரும்புக் கிளிப். இணைப்புகள் எல்லாம் பீங்கானில். அப்புறம் துளைகள்.

கீழே மெயின் போர்ட் இருக்கிற அறையிலிருந்து மேல்மாடி வரைக்கும் நேராக ஏறும் ஒடுக்கமான செங்கல் கூடு ஒன்று உண்டு. டக்ட் என்போம். எல்லாக் கேபிளும் அதன் வழியாகத்தான் மேலே போகும். ஒவ்வொரு மாடியிலும் கேபிள் வெளியே வர ஒரு துளை, மொத்தம் மூன்று. கேபிளைச் சுற்றி மிஞ்சுகிற இடைவெளியை அதற்கென்றே வாளியில் வருகிற தீ தாங்கும் தூளைக் குழைத்து அடைக்க வேண்டும். "இது ஒரு சிம்னி. துளை திறந்து கிடந்தால் கீழே பிடிக்கிற நெருப்பின் புகை முதலில் போவது மேல்மாடிக்குத்தான்" என்று அவர் சிங்களத்தில் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். லயத்தில் பிறந்தவனுக்கு இதைச் சொல்லித்தர ஆள் வேண்டுமா என்று உள்ளுக்குள் ஒரு திமிர் வேறு.

தூளை அளவு பார்க்காமல் அதிகமாகக் குழைத்துவிட்டேன். இரண்டு துளை அடைத்ததும் மிச்சம் வாளியிலேயே கல்லாக இறுகிப் போனது. அடுத்த வாளி கொழும்பிலிருந்து வர ஒரு வாரம் ஆகும். வெள்ளிக்கிழமை கடை திறப்பு. பெயின்ட் அடிக்கிறவர் மூன்றாம் மாடியில் தூரிகையோடு நின்று, துளையிலிருந்து வருகிற குளிர்காற்றையும் என்னையும் சேர்த்துத் திட்டிக்கொண்டிருந்தார். எங்கள் சாமான் கட்டிவந்த சாக்கு ஒன்று காலடியில் கிடந்தது. கத்தியால் அதைக் கிழித்தேன், கேபிளைச் சுற்றித் திணித்தேன், மேலே சீமெந்தை மெல்லிசாகப் பூசினேன். கைக்குப் பழகிய வேலை, பத்து நிமிடம்கூட ஆகவில்லை. "சாமான் வந்ததும் ஒடைச்சி மாத்திக்கலாம்" என்று கூட்டாளியிடம் சொன்னேன். அவன் சரி என்றான். பெயின்ட் ஏறியதும் துளை இருந்த இடமே தெரியவில்லை.

இன்ஜினியர் வந்து முதல் துளையைத் தட்டிப் பார்த்தார், இரண்டாவதைத் தட்டிப் பார்த்தார். மேலே ஏறி மூச்சு வாங்கிக்கொண்டே, "ஒக்கொம ஹரித?" என்றார், எல்லாம் சரியா என்று. "ஹரி சேர்" என்றேன். வாளி வந்தபோது நாங்கள் மொனராகலையில் வேறு வேலையில் இருந்தோம். திரும்பி வந்து அதை என் வீட்டுப் பின்பக்கத்தில் வைத்தேன். அதோடு மறந்தேன்.

மறந்தேன் என்றால் உண்மையாகவே மறந்தேன். அந்த ஹோல் டியூஷன் வகுப்பாக மாறியது. உயர்தரம் படிக்கிற என் மகள் இந்த வருடம் அங்கே சேர்ந்தாள். சேர்க்கும்போது ஆசிரியரிடம் பெருமையாக, "இந்தக் கட்டிடத்து வயரிங் நான் செஞ்சதுதான்" என்றுகூடச் சொன்னேன். அப்போதும் அந்தச் சாக்கு நினைவுக்கு வரவில்லை. செய்த தப்பைவிட இந்த மறதிதான் இன்றைக்கும் என்னைக் கலங்கடிக்கிறது.

ஆயுத பூசை அன்று, நாங்கள் வேலை செய்த இடங்களில் ஏதாவது ஒன்றில் மெயின் போர்டுக்குச் சந்தனம், குங்குமம் வைத்துச் சாம்பிராணி காட்டுவது எங்கள் வழக்கம். இந்த முறை இந்த முதலாளியிடம் கேட்டோம். "ஒங்கட வேல, ஒங்கட சாமி, செஞ்சிட்டுப் போங்க பாஸ். கதவ மட்டும் நல்லா சாத்துங்க, பொடவையில வாசம் புடிச்சா யாரும் வாங்க மாட்டாங்க" என்றார். கதவைச் சாத்தினோம். கதவின் அடியிலும் ஒரு துணியை வைத்தோம். கூட்டாளி தூபக்காலில் தணலை ஊதிச் சாம்பிராணியைத் தூவினான். நான் வழக்கம்போல மூலையில் தள்ளி நின்றேன்.

மூடிய சின்ன அறை. இந்நேரம் கண் எரிந்து இருமியிருக்க வேண்டும். புகை அங்கே தங்கவில்லை. போர்டுக்கு முன்னால் எழும்பி, வளைந்து, டக்ட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. ஆள் வழி கேட்டுக்கொண்டு போவதுபோல நிதானமாகப் போனது. என்னவோ சரியில்லை என்று தோன்றிய நேரத்தில் போன் அடித்தது. மகள்.

"அப்பா, நீங்க கீழயா இருக்கீங்க? பூசையா?"

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"கிளாஸ் பூரா சாம்பிராணி வாசம்ப்பா. செவுத்துல இருந்து பொகை வருது. இடைவேளைக்கு யாரும் வெளிய போகல, எல்லாரும் இங்கதான் நிக்கிறாங்க. சேர்கூட நல்லா இருக்குங்கிறாரு."

போனை அணைக்கவும் மறந்து படியேறினேன். மூன்றாம் மாடிக் கதவைத் திறந்தால் ஹோல் நிறையப் பிள்ளைகள், நெருக்கி நெருக்கிப் போட்ட வாங்குகள், வெளியே வர அந்த ஒரே கதவு. வெள்ளைப் பலகைக்குப் பக்கத்தில் நான் பூசிய சீமெந்து வெடித்து, அந்த வெடிப்பிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழேதான் முதல் வாங்கு, என் மகள் உட்காரும் வாங்கு. "சாமி நம்மளத் தேடி மாடிக்கே வந்துட்டாரு" என்று ஒரு பிள்ளை சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அந்தப் புகை கறுப்பாகத் தெரிந்தது. எட்டு வயதில் வாசலில் நின்றது போலவே நின்றேன். ஆசிரியர், "மகளைக் கூட்டிட்டுப் போக வந்தீங்களா?" என்று கேட்டார்.

பின்னாலேயே ஏறி வந்த கூட்டாளி என்னைப் படிக்கட்டுக்கு இழுத்தான். அவனுக்கும் புரிந்துவிட்டது.

"வெளிய மூச்சு விடாதீங்க அண்ணே. வாளிதான் ஒங்க வீட்டுல இருக்கே. ஞாயித்துக்கெழம காலையில வந்து கமுக்கமா அடைச்சிட்டுப் போயிருவோம். சொன்னா இந்த டவுன்ல இனி நமக்கு யாரு வேல குடுப்பா?"

அவன் சொன்னதில் பொய்யில்லை. பதுளையில் ஒரு விஷயம் பஸ் ஸ்டாண்டில் கிளம்பினால் தேத்தண்ணி ஆறுவதற்குள் மார்க்கெட்டுக்குப் போய்ச் சேரும். சரி என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் ஞாயிறுக்கு முன்னால் இன்னும் இரண்டு நாள் வகுப்பு இருப்பது உறைத்தது. கீழே கடையில் கூரை வரைக்கும் அடுக்கிய நைலக்ஸ் புடவைகள். இந்த முறை காலாவது அசைந்தது, இறங்கிப் போய் முதலாளியிடம் சொல்லிவிட்டேன். சாக்கு வைத்ததையும் சொன்னேன், ஹரி சேர் என்றதையும் சொன்னேன்.

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நீங்க சரின்னு சொன்னதாலதானே பாஸ் நான் மேல புள்ளைகள ஏத்தினேன்" என்றார்.

அப்போதே ஆளனுப்பி வகுப்பை நிறுத்தினார். திடீர் லீவு கிடைத்த சந்தோஷத்தில் பிள்ளைகள் என்னைத் தாண்டி இறங்கிப் போனார்கள். கடைசியாக மகள் வந்து புத்தகப் பையோடு கடை வாசலில் நின்றாள். நான் இன்ஜினியருக்குப் போனில் எல்லாவற்றையும் மறுபடி சொன்னதை அவள் முழுக்கக் கேட்டாள். உடைத்துப் பார்த்துவிட்டுச் சொல் என்று இன்ஜினியர் போனை வைத்துவிட்டார்.

உடைத்தேன். உள்ளே வைத்த சாக்கில் பாதியை எலி தின்றிருந்தது. மீதியில் பரீட்சைத் தாள்களைக் கிழித்துப்போட்டுக் கூடு கட்டியிருந்தது. எல்லாம் சருகாகக் காய்ந்து, தொட்டால் உதிர்ந்தது. வேண்டுமென்றே தீ மூட்ட வைத்திருந்தாலும் இவ்வளவு பக்குவமாக வைத்திருக்க முடியாது. அதற்கு நடுவில் சிவப்புக் கேபிள் ஒரு கீறல் இல்லாமல், இரும்புக் கிளிப்பில் நூல் பிடித்தாற்போல நேராக நின்றது. அந்த வேலையை ஒழுங்காகத்தான் செய்திருந்தேன். நெருப்பு வந்திருந்தால் மணி அடித்திருக்கும், விளக்கும் எரிந்திருக்கும். புகை நிறைந்த ஹோலில் பிள்ளைகள் அந்த மணியைக் கேட்டுக்கொண்டு கிடந்திருப்பார்கள்.

வீட்டிலிருந்த வாளியைத் திறந்தால் மூன்று வருடப் பனியில் தூள் பாறையாகக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமைத் திட்டம் அங்கேயே சந்தி சிரித்திருக்கும். புது வாளியை இன்ஜினியரே காரில் கொண்டு வந்தார். நான் அளந்து குழைத்து அடைக்கும்வரை பக்கத்திலேயே நின்று பார்த்தார், நாலு நாளாக மூடியிருந்த வகுப்பு அதற்கப்புறம்தான் திறந்தது. ஆனால் அதற்கு முன்னால் அவர் ஒரு சோதனை வைத்தார். அன்றைக்கு மாதிரியே கீழே புகை போடு என்றார்.

தூபக்காலை இந்த முறை நானே பிடித்தேன். கையை நன்றாகத் தள்ளி நீட்டிக்கொண்டு தணலை ஊதினேன். மேலே துளைக்குப் பக்கத்தில் நின்ற மகளுக்குப் போன் எடுத்தேன்.

"வாசம் வருதா?"

"இல்லப்பா."

"நல்லா மூக்க வச்சிப் பாரு."

"வச்சிட்டுதாம்ப்பா நிக்கிறேன். ஒண்ணும் வரல."

இன்னும் இரண்டு பிடி சாம்பிராணி போட்டேன். அறைக்குள் புகை தேங்கிக் கண்ணைக் கரித்தது. இருமி இருமிக் கேட்டேன், அவளும் சலிக்காமல் இல்லை என்றாள். இன்ஜினியர் என் தோளைத் தொட்டுப் போதும் என்றார்.

அன்று சாயங்காலம் ஹாலிஎல பஸ்ஸில் மகள் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். நாலு நாளாக அந்தப் பேச்சையே அவள் எடுக்கவில்லை. கோபமாக இருக்கும் என்று நானும் பேசவில்லை. பாதி வழியில், பாடத்தில் சந்தேகம் கேட்பதுபோலச் சாதாரணமாகக் கேட்டாள்.

"அப்பா, வேற எங்கெல்லாம் சாக்கு வச்சிருக்கீங்க?"

இருபத்தைந்து வருட வேலை கண் முன்னால் ஓடியது. பண்டாரவளையில் தங்குமிடம், வெலிமடையில் மரக்கறிக் கடைக்கு மேலே குடும்பங்கள் இருக்கிற மாடி, மொனராகலையில் கல்யாண மண்டபம். எந்த இடத்தில் குளிர்காற்று வந்தது, எந்த இடத்தில் அவசரம், எங்கே என் கை தானாகக் கீழே கிடந்த சாக்கை எடுத்தது?

"ஞாபகம் இல்லம்மா" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மறுநாள் காலையில் சுத்தியல், உளி, மிச்சமிருந்த தூள் வாளியோடு புறப்பட்டேன். எங்கே என்று மனைவி கேட்டாள். வெலிமடைக்கு என்று சொல்லிவிட்டு முதல் பஸ்ஸைப் பிடித்தேன்.