என்னிடம் யாரும் கேட்காத கேள்வி

சில வருடங்களுக்கு முன், சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் நான் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. எங்கள் முதல் குழந்தை எட்டாம் மாதத்தில் இறந்தே பிறந்தது. பெண் குழந்தை. துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார்கள். எங்கள் ஊர் செல்லிப்பட்டில், ஆற்றோரமாகப் புதைத்துவிட்டு வந்தேன்.

மனைவியைப் பாகூரில் இருக்கும் அவள் அம்மா வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். பார்க்கிறவர்கள் எல்லாரும், "அவ எப்பிடிப்பா இருக்கா?" என்றுதான் கேட்டார்கள். "நீ தைரியமா இருந்தாதான்டா அவ தேறுவா" என்றார்கள். நானும் அப்படியே இருந்தேன். ஷிப்ட் முடிந்து வந்து பூட்டைத் திறந்தால் வீட்டில் ஒரு சத்தமும் இருக்காது. டிவியைப் போட்டுவிட்டு, அதைப் பார்க்காமல் உட்கார்ந்திருப்பேன். அவளுக்குப் போன் செய்தால் "சாப்ட்டியா", "சாப்ட்டேன்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். போகப்போக அதுவும் குறைந்தது.

ஒருநாள் பக்கத்து மெஷினில் நிற்பவர் திடீரென்று என் சட்டையைப் பிடித்து இழுத்தார். தகடு அழுத்தும் பிரஸ் இறங்குகிற இடத்தில் என் கை இருந்திருக்கிறது. எனக்குத் தெரியவே இல்லை.

"இன்னாபா ஆச்சு உனக்கு? எங்கிட்ட சொல்ல வேணாம், ஒரு டாக்டர் கிட்டயாவது போய்ச் சொல்லு" என்றார். அவருக்கும் என் வயதுதான்.

பாண்டியில் ஒரு மனநல ஆலோசகரிடம் போனேன். நான் சொல்லி முடிப்பதற்குள், "குடிப்பீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். பாசிட்டிவாக இருங்கள், வாக்கிங் போங்கள், சீக்கிரம் அடுத்த குழந்தை பெற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். பஸ் ஸ்டாண்டுக்கு வந்து உட்கார்ந்தேன். எங்கள் ஊர்ப் பக்கம் போகும் பஸ் வந்து போனது. அடுத்ததும் போனது. ஏறத் தோன்றவில்லை. இனி யாரிடமும் இதைச் சொல்வதில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

போனதில் பயனில்லை என்று மட்டும் சொன்னேன். என்னை இழுத்துக் காப்பாற்றியவர்தான் விடவில்லை. "ஒரு டாக்டர் சரியில்லன்னா பல்லுவலியோட வூட்டுலயே குந்திக்குவியா? வேற ஆள பாருபா" என்று திட்டினார். அரசு மருத்துவமனையில் ஒரு மனநல ஆலோசகர் இருப்பதை அவரே விசாரித்தும் சொன்னார்.

போய்ப் பார்த்தால் ஒரு பெண். என்னைவிடச் சின்னவர். இவரிடம் எப்படிப் பேசுவது என்று தயங்கி, பாதியைத்தான் சொன்னேன். அவர் அவசரப்படவில்லை. கடைசியில், "குழந்தைய நீங்க தூக்கினீங்களா?" என்று கேட்டார்.

"தூக்கினேன் மேடம். மூக்கு என்ன மாதிரியே இருந்துச்சு."

மனைவியிடம்கூட நான் சொல்லாதது அது. அதற்குமேல் பேச முடியாமல் அழுதேன். அழாதீங்க என்று அவர் சொல்லவில்லை. நான் முடிக்கும்வரை இருந்துவிட்டு, "அடுத்த வாரமும் வாங்க" என்றார்.

போனேன். சில வாரம் பேச ஒன்றும் இருக்காது, சும்மா உட்கார்ந்துவிட்டு வருவேன். பேசியபோதும் உடனே எதுவும் மாறிவிடவில்லை. ஒரு வாரம் அவர், "மூக்கு விஷயத்த உங்க வொய்ஃப் கிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாகூருக்குப் போனேன். சொல்ல ஆரம்பித்ததுமே எனக்குக் குரல் உடைந்துவிட்டது. மூக்கைப் பற்றி எப்படியோ மனைவியிடம் சொல்லி முடித்தேன்.

"உங்களுக்கு ஒண்ணுமே தோணல போலன்னு நெனச்சேன். அதான் அந்த வூட்டுக்கு வரவே புடிக்கல" என்றாள்.

கொஞ்ச நாளில் அவள் வீட்டுக்கு வந்துவிட்டாள். தைரியம் என்று நினைத்து நான் வாயை மூடிக்கொண்டிருந்த அத்தனை நாளும் அவளும் தனியாகத்தான் கிடந்திருக்கிறாள் என்பதை நினைத்தால், இன்றும் எனக்கு நெஞ்சு கனக்கிறது.