நிலைக்கு மேலே மாட்டிய படம்

1. மாலை

கண்காட்சியின் முதல் நாள் காலையிலேயே, உயிரோடு இருக்கிற ஒருவரின் படத்துக்கு மாலை விழுந்துவிட்டது.

நான் அப்போது ஹாலின் கடைசியில், சாய்ந்து நின்ற ஒரு படத்துக்கு ரசமட்டம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசல் பக்கமிருந்து ஜெயந்தி அக்கா கூப்பிட்டார். ஹாலை நடத்துகிறவர் அவர்தான். எப்போதும் 'தம்பி' என்பவர், அன்று 'டேய் முத்து' என்றார். அப்படியென்றால் ஏதோ விவகாரம்.

"மேல பாரு. எவன்டா மாலையப் போட்டது?"

வாசல் நிலைக்கு மேலே, செல்வராணி வரைந்த அவர் கணவரின் படத்தில் சம்பங்கி மாலை தொங்கியது. திறப்பு விழாவுக்கு வந்த விருந்தினருக்கு நாங்கள் போட்ட மாலை அது. அவர் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டுப் போயிருந்தார். கண்ணாடியில், நெற்றி இருக்கும் இடத்தில் வரவேற்புத் தட்டிலிருந்த சந்தனம், அதன்மேல் குங்குமம். கீழே ஒரு அம்மா செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டுக் கும்பிட்டுக்கொண்டு நின்றார்.

"அக்கா, அந்த அண்ணன் சவுதில லாரி ஓட்டுறாருக்கா."

"எனக்குத் தெரியாதா? மாமியாரக் கூட்டிக்கிட்டு பஸ்ஸுல வந்துக்கிட்டு இருக்கேன்னு அந்தப் புள்ள இப்பத்தான் போன் போட்டுச்சு. ஏணிய எடு, ஓடு!"

நான் ஏணிக்கு ஓடினேன். ஏணி வருவதற்குள், அந்தப் படம் அங்கே எப்படிப் போனது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

2. எங்கள் ஹாலின் வழக்கம்

டவுனிலிருந்து பாளையம்பட்டிக்குப் போகிற வழியில் உள்ள பழைய பஞ்சுக் குடோன்தான் எங்கள் ஹால். ஜெயந்தி அக்காவின் குடும்பம் நெசவுக் குடும்பம். வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ். குடோன் அவர் பங்குக்கு வந்தபோது, வாடகைக்கு விடாமல் வெள்ளையடித்து, "படம்னு ஒண்ணு கொண்டு வா, மாட்டுவோம்" என்று ஊருக்கெல்லாம் சொன்னார்.

தேர்வுக் குழு கிடையாது. சென்னையில் கண்காட்சி வைத்துப் பரிசு வாங்கியவரின் படத்துக்குப் பக்கத்தில், ஷேர் ஆட்டோ ஓட்டும் முருகண்ணனின் முதல் படம் தொங்கும். லேபிளில் பேரும் ஊரும் மட்டும்தான். பரிசு, பட்டம், எத்தனை வருட அனுபவம், எதுவும் போட மாட்டோம். வந்த வரிசைதான் மாட்டுகிற வரிசை. பஸ்ஸில் ஸீட் பிடிக்கிற மாதிரி. பிந்தி வந்தால் மிச்சம் இருக்கிற இடம்.

குடோன் சுவர் பழைய சுண்ணாம்புச் சுவர். ஆணி அடித்தால் காரை பெயர்ந்துவிடும். அதனால் சுவரின் உச்சியில் சுற்றிலும் ஒரு இரும்புப் பைப் ஓடுகிறது. அதில் எஸ் கொக்கி, கொக்கியில் நைலான் ஒயர், ஒயரில் படம். மாட்டுகிற வேலை என்னுடையது. படத்தின் நடுப்பகுதி பார்ப்பவரின் கண்ணுக்கு நேராக வர வேண்டும் என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம். அதற்காகச் சுவர் முழுக்க நூல் பிடித்து, பென்சிலில் லேசாகக் கோடு போட்டிருப்பேன். என் கண் உயரத்துக்குத்தான் அந்தக் கோடு.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டியவன் நான்தான். அம்மா ஊரில், திருச்சுழிப் பக்கம், பருத்தி எடுக்கப் போகிறார். இந்த வேலையில் சேர்ந்தபோது, "ஆணியடிக்கவாய்யா காலேசுக்குப் போன?" என்று கேட்டார்.

"ஆணி அடிக்கிறதே இல்லம்மா. கொக்கிதான்."

"அப்பச் சரி, பெரிய வேலைதான்" என்று சிரித்தார். வந்து பார்க்கச் சொன்னால் மட்டும், "அது படிச்சவுக வார எடம். அங்கன வந்து நான் என்னத்தப் பாக்க?" என்பார்.

3. சட்டம்

செல்வராணிக்கு ஊர் எம்.ரெட்டியபட்டி. திறப்பு விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம், வெளியே ஆட்டோவைக் காக்க வைத்துவிட்டு, பழைய சேலையில் சுற்றிய படத்தோடு உள்ளே வந்தார். அதற்கு முன் அவர் எந்தப் படத்தையும் வெளியே காட்டியதில்லை.

சார்ட் பேப்பரில் போஸ்டர் கலர். ஒரு ஆணின் முகம், கீழிருந்து பார்க்கிற மாதிரி. நாடி பெரிதாக, மூக்கு இன்னும் பெரிதாக, நெற்றி ஒடுங்கி, தலைக்குப் பின்னால் ஒரு சீலிங் ஃபேன். எனக்கு முதலில் பிடிபடவில்லை.

"வீடியோ காலு தம்பி" என்றார். "அவுக செல்போன நெஞ்சுமேல வச்சுக்கிட்டுப் படுத்துத்தான் பேசுவாக. வருசக்கணக்கா நான் பாக்குற மூஞ்சி இதுதான். அதை அப்படியே வரைஞ்சேன்."

படம் அருமையாக இருந்தது. சட்டம்தான் உறுத்தியது. டவுன் ஃபிரேம் கடையில் கறுப்புச் சட்டம், தங்கக்கரை, கண்ணாடி எல்லாம் போட்டு, உச்சியில் ஒரு சிவப்பு பல்பையும் மாட்டிக் கொடுத்திருந்தார்கள்.

"பல்பு நீங்க கேட்டீங்களாக்கா?"

"நான் எங்க கேட்டேன்? படத்தப் பாத்தாரு, என்னயப் பாத்தாரு, 'மனசத் தேத்திக்கங்கம்மா'ன்னு மாட்டிட்டாரு. அதுக்கு மேல அவர்ட்ட என்னத்தப் பேச?"

இருவரும் சிரித்தோம். நான் பல்பைக் கழற்றினேன். பிறகு அவர் சிரிக்காமல் ஒன்று சொன்னார்.

"அத்தைக்கு நான் வரையிறது பிடிக்காது தம்பி. உசுரோட இருக்கிற ஆள வரைஞ்சா ஆயுசு கொறையும்னு சொல்றாக. ஒரு தடவ வந்து பாருங்கத்தே, பாத்துட்டு வேணாம்னு சொன்னா பிரஷ்ஷத் தூக்கி அடுப்புல போட்டுர்றேன்னு சொல்லியிருக்கேன். உங்க அண்ணன் இல்லாத வீட்ல எனக்கு இருக்கிறது இது ஒண்ணுதான். நாளைக்குக் கூட்டிட்டு வாரேன்."

பைப் முழுக்கப் படங்கள் நிறைந்திருந்தன. மிச்சம் இருந்தது வாசல் நிலைக்கு மேலே ஒரே இடம். "எங்கனயாச்சும் இருக்கட்டும்" என்றார் செல்வராணி. உயரத்தில் மாட்டினால் முன்பக்கம் கொஞ்சம் சாய்க்க வேண்டும், இல்லாவிட்டால் கண்ணாடியில் வெளிச்சம் அடிக்கும். அதையும் ஒழுங்காகச் செய்தேன்.

எங்கள் ஊர்களில் எந்த வீட்டில் நுழைந்தாலும், உயிரோடு இருப்பவர்கள் கல்யாண போட்டோவில் கூட்டத்தோடு நிற்பார்கள். கண்ணாடி போட்ட சட்டத்துக்குள், தனி முகமாக, நிலைக்கு மேலே முன்பக்கம் சாய்ந்து இருப்பவர் இறந்தவர். பல்பு ஒன்றைத் தவிர எல்லாம் சரியாக அமைந்துவிட்டது.

4. ஏணி

ஏணியில் ஏறி மாலையில் கை வைத்தபோது கீழே ஒரு பெரியவர் சத்தம் போட்டார். பக்கத்துத் தெருக்காரர். வழியில் கூட்டத்தைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தவர்.

"ஏம்ப்பா, நான் போட்ட மாலைய எதுக்கு எடுக்கிற? சின்ன வயசுல போன புள்ள. ஒரு பூ கெடக்கட்டும்னு நாற்காலில ஏறிப் போட்டேன்."

"ஐயா, அவரு போகல. சவுதில இருக்காரு."

"சவுதிலயா தவறுனாரு?"

அந்த நேரத்தில்தான் செல்வராணியும் மாமியாரும் உள்ளே வந்தார்கள். மாமியாருக்கு அறுபது வயதுக்குள்தான் இருக்கும். குள்ளமான உருவம். புதுச்சேலை கட்டி, பூ வைத்து, ஒரு விசேஷத்துக்கு வருகிற மாதிரி வந்திருந்தார். மகனின் படத்தைத் தேடிச் சுவரைப் பார்த்தார். பிறகு ஏணியைப் பார்த்தார், என் கையிலிருந்த மாலையைப் பார்த்தார், கண்ணாடியிலிருந்த பொட்டைப் பார்த்தார்.

"எம்மகன் உசுரோட இருக்கான்யா!"

பெரியவர் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "தெரியாமப் போச்சு தாயி. தப்பா எடுத்துக்காத. உன் மகன் நூறு வயசு இருப்பான்."

மாமியார் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எறக்குய்யா அதை. ராணி, அதை எடு. வீட்டுக்குப் போவம். நான் சொன்னனா இல்லையா?"

செல்வராணி ஏணிக்குக் கீழே வந்து கைகளை நீட்டினார். நான் படத்தை இறக்கி அவர் கையில் கொடுத்தேன். முந்தானையால் கண்ணாடியிலிருந்த குங்குமத்தைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க அது முகம் முழுக்கப் பரவியது. மாமியார் வாசலில் செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

"தம்பி, இந்தச் சட்டத்தக் கழட்ட முடியுமா?" என்றார் செல்வராணி.

5. தள்ளி நில்லுங்கள்

படத்தைத் துணிமேல் கவிழ்த்து வைத்து, பின்பக்கத்து ஆணிகளைக் குறடால் பிடுங்கினேன். அட்டையை எடுத்தேன், கண்ணாடியை எடுத்தேன். வெறும் காகிதம் கைக்கு வந்தது. கண்ணாடி போனதும் நிறங்களே மாறிவிட்டன. ஃபேனின் நிழல் சுவரில் விழுவதைக்கூட வரைந்திருந்தார். அதுவரை யாரும் அதைக் கவனிக்கவில்லை.

"அக்கா, இதைக் கீழ மாட்டணும். எடம் இல்ல" என்றேன் ஜெயந்தி அக்காவிடம்.

ஜெயந்தி அக்கா ஹாலைச் சுற்றிப் பார்த்தார். பஸ் கண்டக்டர் குரலில், "எல்லாரும் ஒரு சாண் தள்ளுங்கப்பா! ஒரு ஆளுக்கு எடம் விடுங்க!" என்றார்.

முதலில் தள்ளியது முருகண்ணன். தன் படத்தின் கொக்கிகளைக் கம்பால் தூக்கி இந்தப் பக்கம் நகர்த்தினார். "ஷேர் ஆட்டோல பின்னாடி எத்தன பேர ஏத்துறேன். ஒரு படத்துக்கு எடம் இல்லாமலா போயிரும்?" என்றார். அவருக்கு அடுத்துத் தொங்கியது பரிசு வாங்கியவரின் பெரிய கேன்வாஸ். அவர் மறுமுனையைப் பிடித்து எனக்கு உதவினார். அதற்கு அடுத்து மில்லில் வேலை பார்க்கும் இரண்டு பெண்கள். பைப்பில் கொக்கிகள் கிறீச்சிட்டுக்கொண்டே நகர்ந்தன. கடைசியில் சுவரின் நடுவில் ஒரு இடம் பிறந்தது.

மேலே ஒரு பட்டைக் கட்டை, இரண்டு கிளிப், இரண்டு ஒயர். காகிதத்தைத் தூக்கிப் பென்சில் கோட்டுக்கு நேராகப் பிடித்தேன். பிறகு வாசலைப் பார்த்தேன். அந்த அம்மா ஒரு காலில் செருப்போடு நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கோட்டின் உயரத்தில் மாட்டினால் அவர் அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். அண்ணாந்து பார்க்கிற படத்தை அவர் ஏற்கெனவே பார்த்தாயிற்று.

ஒயரை நீளமாக விட்டேன். கோட்டுக்குக் கீழே, நன்றாகக் கீழே, அவருடைய கண்ணுக்கு நேராகப் படம் வந்து நின்றது.

6. நாடியில் ஒரு தழும்பு

செருப்பை உதறிவிட்டு அவர் நடந்து வந்தார். மகனின் முகத்துக்கு நேரே நின்றார். செல்வராணி சேலை முனையை விரலில் சுற்றிக்கொண்டு பின்னால் நின்றார்.

"ஏத்தா" என்றார் கடைசியில். "நாடியில ஒரு தழும்பு இருக்கும்ல அவனுக்கு? அது எங்க?"

"தழும்பா?"

"சின்னதுல, காஞ்ச பருத்திமார அடுக்குன படப்புல ஏறி விழுந்தான்ல. கிழிச்சு ரத்தமா ஊத்துச்சே. எங்க அது?"

செல்வராணி படத்தைப் பார்த்தார். "போனுல அது தெரியாதுத்தே." பிறகு தன் நாடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே கேட்டார். "எந்தப் பக்கம்த்தே இருக்கும்?"

நான் வேறு பக்கம் பார்த்தேன். புருஷன் முகத்துத் தழும்பையே மறந்ததற்குத் திட்டு விழும் என்று நினைத்தேன். விழவில்லை. அந்த அம்மா வலது கையை நீட்டி, எதிரே ஒரு பிள்ளை நிற்பதுபோலக் காற்றில் வாயைத் துடைத்துவிட்டார்.

"இங்கன. நான் சோறூட்டுற கைப் பக்கம்."

பரிசு வாங்கியவர் தன் பையிலிருந்து மெல்லிய பிரஷ் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். முருகண்ணனிடம் கலர் இருந்தது. டீக்கப்பின் அடியில் குழைத்தார்கள். "இன்னும் கொஞ்சம் கீழ. நீட்டமா. அம்புட்டு நீட்டம் இல்ல, வளர வளரச் சுருங்கிப்போச்சு" என்று மாமியார் சொல்லச் சொல்ல, சுவரில் தொங்கிய படத்திலேயே செல்வராணி வரைந்தார்.

ஈரம் காய்வதற்குள் செல்வராணியே கணவரை வீடியோ காலில் கூப்பிட்டார். அவர் லாரியில், லோடு ஏற்றுவதற்காகக் காத்திருந்தார். போனில் அதே நாடி, அதே மூக்கு. ஃபேனுக்குப் பதில் லாரிக் கூரை. செல்வராணி போனைப் படத்தின் பக்கம் திருப்பினார்.

"யாரு, நானா? மூக்கு இம்புட்டுப் பெருசாவா இருக்கு?"

"நீங்க போன அங்கன வச்சா வேற என்ன தெரியும்? மூக்குதான் தெரியும்."

ஹாலே சிரித்தது. மாமியார் போனை வாங்கினார். "ஏய்யா, மூஞ்சியத் திருப்பு. அந்தப் பக்கம் இல்ல. என் கைப் பக்கம்."

மகன் திருப்பினார். லாரி ஜன்னல் வெளிச்சத்தில் தழும்பு தெரிந்தது. வரைந்ததைவிடச் சின்னதாக, மங்கலாக.

"இருக்காம்மா?"

"இருக்குய்யா."

யாரோ அங்கே அரபியில் சத்தம் போட்டார்கள். "லோடு ஏத்துறாக. வைக்கிறேம்மா."

"வாரேன்னு சொல்லிட்டு வையி."

"வாரேம்மா."

போன் அணைந்த பிறகும் அந்த அம்மா அதைக் கையிலேயே வைத்திருந்தார். பிறகு மருமகளிடம், "மூக்கு பெருசுதான். ஆனா அவன்தான்" என்றார். கிளம்பும்போது, "அடுத்த படத்துல அவன நேரா நிக்க வச்சு வரை. முழு ஆளா" என்றும் சொன்னார். மாலை போட்ட பெரியவர் அன்று முழுக்க அந்தப் படத்தின் பக்கத்தைவிட்டு நகரவில்லை. யார் வந்தாலும், "கும்புடாதீக, இவுக நல்லா இருக்காக" என்று சொல்லிக்கொண்டே நின்றார்.

7. கற்றுக்கொண்டது

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். நூல் பிடியுங்கள், ரசமட்டம் வையுங்கள், கோடும் போடுங்கள். ஆனால் முதல் படம் கொண்டு வருகிறவரிடம், மாட்டுவதற்கு முன் ஒன்று கேளுங்கள்: இதை யார் வந்து பார்க்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? பெரும்பாலும் ஒரே ஒரு ஆளைத்தான் சொல்வார்கள். அந்த ஆளின் உயரம் என்ன என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

செல்வராணியின் கணவர் இன்னும் வரவில்லை. இந்த வருடக் கண்காட்சிக்குச் செல்வராணி அவரை முழு ஆளாக வரைந்து கொண்டுவந்தார். கால் பாதம் எப்படி இருக்கும் என்பதை மாமியாரிடம் கேட்டுத்தான் வரைந்தாராம்.

நானும் ஒரு படம் வரைந்திருக்கிறேன். பருத்திக் காட்டில் குனிந்து நிற்கும் ஒரு முதுகு, அவ்வளவுதான். எங்கள் வழக்கப்படி அதற்கும் இடம் உண்டு. சுவரின் ஓரத்தில், பென்சில் கோட்டுக்கு நன்றாகக் கீழே மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் கொஞ்சம் குனிந்து பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, இது மட்டும் எறங்கித் தொங்குது?" என்கிறார்கள்.

திருச்சுழி பஸ் ஹாலுக்கு எதிரேதான் நிற்கும். அது வந்து நிற்கிற சத்தம் கேட்டால், கையிலிருக்கிற ஒயரை அப்படியே விட்டுவிட்டு வாசலைப் பார்க்கிறேன்.