என் பங்கு வெற்றிலை

ரங்கூனில் இருந்துகொண்டு மோட்டார் சைக்கிள் ஊர்வலம் நடத்துகிறேன் என்று சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். நகரத்துக்குள் மோட்டார் சைக்கிளுக்குத் தடை. அதனால் தாமுவேயில் குடியிருக்கும் நான், ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி நகரத்தின் வடக்கு ஓரத்தில் இருக்கும் ஷ்வேப்யிதா போவேன். அங்கே என் மனைவியின் தம்பி வொர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். என் வண்டி அங்கேதான் நிற்கிறது.

பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் ஹெல்மெட்டையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பார். என் இடது கன்னம் அப்படி. புற்றுநோய்க்காக வெட்டி எடுத்த இடத்தில் தொடைச் சதையை வைத்துத் தைத்திருக்கிறார்கள். வீட்டில் சண்டை வந்தால், "தொடையக் கன்னத்துல வச்சிருக்க மனுசனுக்கு இவ்வளவு வாயா?" என்பாள் மனைவி.

நோய் எங்கிருந்து வந்தது என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. தாமுவே மார்க்கெட் வாசலில் இருபது வருஷம் வெற்றிலைக் கடை வைத்திருந்தேன். சுண்ணாம்பு தடவி, பாக்கும் புகையிலையும் வைத்து மடித்துக் கொடுப்பது. பர்மாக்காரர்கள் குன்யா என்பார்கள். நல்ல வியாபாரம், எனக்கு நானே நல்ல வாடிக்கைக்காரன். இப்போது அதே மேஜையில் போன் கார்டும் குளிர்பானமும் விற்கிறேன்.

சிகிச்சை முடிந்த மறுவருஷம் ஊர்வலத்தை ஆரம்பித்தேன். பத்துப் பதினைந்து வண்டிகள். ஷ்வேப்யிதாவில் கிளம்பி வடக்கே போவோம். சந்தை கண்ட இடத்தில் நிறுத்துவோம். இரண்டு பேர் பாத்திரம் ஏந்தி நிற்பார்கள். விழுகிற பணம், வைத்தியத்துக்காக நகரத்துக்கு வருகிற ஏழைகளின் பஸ் செலவுக்கும் தங்கும் செலவுக்கும் போகும். நான் மைக்கைப் பிடித்து என் கதையைச் சொல்வேன். கடைசியில் எல்லோரிடமும் ஒரு சோதனை செய்யச் சொல்வேன். நடு மூன்று விரல்களையும் சேர்த்து, ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்தி வாய்க்குள் விடுங்கள். நுழையவில்லை என்றால் நாளைக்கே டாக்டரிடம் போங்கள். பிள்ளைகள் இதை விளையாட்டாகச் செய்யும். சைக்கார் என்கிற மூன்று சக்கர சைக்கிள் வண்டி ஓட்டுகிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு ரகசியமாகச் செய்து பார்ப்பார்கள்.

எங்களுக்குத் தொல்லை கொடுத்தது ஊர்க்காரர்களின் அன்புதான். தருமத்துக்காக வந்திருக்கிற ஆட்களை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று தட்டு நிறைய வெற்றிலை மடித்துக் கொண்டுவருவார்கள். முதல் ஊர்வலத்தில், ஹ்மாபி தாண்டி ஒரு சாப்பாட்டுக் கடைக்கார அம்மாள் அப்படி ஒரு தட்டை நீட்டினாள். எனக்கு வந்ததே கோபம். "இதுக்குத்தானே நான் கன்னத்தைக் குடுத்தேன்" என்று பர்மிய மொழியில் சொல்லிவிட்டேன். அந்த அம்மாளின் முகம் சுருங்கிப்போனது. கூட வந்தவர்களெல்லாம் தரையைப் பார்த்தார்கள். அடுத்தவர் மனம் நோகுமே என்று தயங்குவதற்கு இந்த ஊரில் ஆநாடே என்று ஒரு சொல்லே உண்டு. நாலு தலைமுறை இங்கேயே கிடந்ததில் எங்களுக்கும் அது ஒட்டிக்கொண்டுவிட்டது.

மைத்துனன்தான் முன்னால் வந்தான். "நீங்க சும்மா இருங்க அத்தான். நான் வாங்கிக்கிறேன்." இரண்டு மடிப்பை ஒன்றாக வாயில் போட்டு, நன்றாக இருக்கிறது என்று தலையாட்டினான். அந்த அம்மாள் சிரித்தாள். எங்களுக்கும் மூச்சு வந்தது.

அன்றிலிருந்து அது அவன் வேலையாகிவிட்டது. எங்கே தட்டு நீண்டாலும் அவன் வாங்கிக்கொள்வான். என் பங்கையும் சேர்த்து மெல்வான். வெற்றிலை மந்திரி என்று கிண்டல் செய்வோம். நானும் செய்தேன். ஒரு பக்கம் மைக்கில் வெற்றிலையை விடுங்கள் என்று கத்திக்கொண்டு, மறுபக்கம் அதற்கு ஓர் ஆளை வைத்திருந்தேன். இது ஒரு தடவைகூட என் புத்தியில் படவில்லை. அவனோ எனக்குத் தம்பிக்கு மேல். ஆஸ்பத்திரியில் என் மூக்குக் குழாயில் வேளை தவறாமல் கஞ்சி ஊற்றியவன்.

போன குளிர்காலத்து ஊர்வலத்தில் அதே அம்மாளின் கடையில் மதியம் சாப்பிட உட்கார்ந்தோம். அவன் வழக்கம்போல நூடுல்ஸ் வாங்கினான். என் தட்டிலிருந்த அவித்த முட்டையில் பாதியை அவனுக்கு வைத்தேன். கரண்டியால் நசுக்கி, துணுக்கு துணுக்காக உதட்டு இடுக்கில் தள்ளினான்.

"முட்டையக்கூடவாடா நசுக்கித் திம்பே?"

"பல்லு வலி அத்தான்."

வாய் திறக்க முடியாமல் ஒரு வருஷம் நான் அப்படித்தான் சாப்பிட்டேன்.

"மூணு விரலை வை."

"எல்லாரும் பாக்குறாங்க அத்தான்."

"பாக்கட்டும். வை."

இரண்டு விரல் போனது. மூன்றாவது பல்லில் இடித்து நின்றது. ஒவ்வொரு சந்தையிலும் நான் மூன்று விரல் என்று ஆரம்பிக்கும்போது, இவன் ஏதாவது ஒரு வண்டிக்குப் பக்கத்தில் குந்தி செயினை இறுக்கிக்கொண்டிருப்பான் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பொறுப்பான பையன் என்று நினைத்திருந்தேன்.

கடை என்றும் பார்க்காமல் கத்தினேன். "எனக்குக் கஞ்சி ஊத்துனவன்தானடா நீ? எல்லாத்தையும் கண்ணால பாத்தவன்தானே?" நான் ஓயும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னான்: "நீங்க ஊரெல்லாம் கேட்டீங்க. என்னைய மட்டும் கேக்கல. கேட்டுருவீங்களோன்னு நானும் பயந்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

அவன் சொன்னதில் தப்பே இல்லை.

திங்கட்கிழமை அவனை பஸ்ஸில் அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையாகப் படை. துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவுக்காகக் காத்திருந்த நாட்களில் நான் என் நோய்க்குக்கூட அவ்வளவு பயந்ததில்லை. மனைவி என்னோடு பேசவில்லை. அவளுக்கு ஒரே தம்பி.

இன்னும் புற்றாகவில்லை என்றார் டாக்டர். படையை எடுத்துவிடலாம், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்து காட்ட வேண்டும், வெற்றிலை கூடவே கூடாது. வாய் பழையபடி திறக்கும் என்று மட்டும் அவர் சொல்லவில்லை. மைத்துனன் கேட்ட ஒரே கேள்வி, "வண்டி ஓட்டலாமா?"

ஓட்டலாம் என்றதால் போன மாத ஊர்வலத்துக்கும் வந்தான். ஹ்மாபி தாண்டி அதே கடையில் நிறுத்தினோம். அந்த அம்மாள் தட்டோடு வந்து நேராக அவனிடம் போனாள். "உங்க ரெண்டு பேரு பங்கையும் சேத்தே மடிச்சிருக்கேன்" என்றாள். பழக்க தோஷம், அவன் கை பாதி நீண்டுவிட்டது. அப்படியே நின்று என்னைப் பார்த்தான்.

நான் நடுவில் போய் நின்று கும்பிட்டேன். எனக்குத் தெரிந்த மரியாதையான பர்மிய மொழியில், எனக்கு வேண்டாம் அம்மா, இத்தனை நாளும் என் பங்கையும் இவன்தான் மென்றான், இனி இவனுக்கும் கொடுக்காதீர்கள் என்றேன். மைத்துனன் இரண்டு விரலை வாயில் வைத்து, மூன்றாவது நுழையாததை அவளுக்குக் காட்டினான்.

முதல் நாள் மாதிரியே அவள் முகம் சுருங்கியது. எங்களில் யாரும் அதைச் சரிசெய்யப் போகவில்லை. தட்டை அவள் உள்ளே எடுத்துப் போகும்வரை இரண்டு பேரும் அங்கேயே நின்றோம்.