அணைத்தால் போய்விடும்

எங்கள் வாசகசாலையின் கணினி அறையில் ஐந்து கணினிகள் உண்டு. அவற்றைச் சுத்தமாக வைத்திருப்பது என் பொறுப்பு. காலையில் தனுவச்சபுரத்தில் ஒரு டுட்டோரியலில் பாடம் எடுத்துவிட்டு, மதியம் சாப்பிட்டு இங்கே வந்து உட்காருவேன். கமிட்டிக்காரர்கள் என்னைத் தேடிவந்து கேட்டது என் கணினி அறிவுக்காக என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் சுத்தப் பைத்தியம் ஊருக்கே தெரியும், அதனால்தான் கேட்டார்கள் என்பது என் மனைவியின் கட்சி. மேசைமேல் டீ கிளாஸின் வட்டம் ஒன்று இருந்தாலே எனக்கு அன்றைய நாள் கெட்டுப்போகும் என்பது உண்மைதான்.

பொறுப்பேற்ற முதல் வாரம் அந்தக் கணினிகளைத் திறந்து பார்த்துத் தலையில் கை வைத்தேன். ஒருவருடைய ஆதார் நகல், இன்னொருவருடைய ஆஸ்பத்திரிச் சீட்டு, கல்யாண ஆலோசனைக்கு அனுப்பிய ஒரு பெண்ணின் படங்கள், மூட மறந்த மின்னஞ்சல்கள். குளித்த இடத்திலேயே துணியைப் போட்டுவிட்டுப் போகிற கூட்டம் என்று முணுமுணுத்துக்கொண்டே அழித்தேன். எதையும் பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். பார்க்காமல் எப்படி அழிப்பது? ஒரு வாரத்தில் பாதி ஊரின் அந்தரங்கம் எனக்குத் தெரிந்துவிட்டது, அது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

அப்போதுதான் கணினியை உறைய வைக்கிற மென்பொருள் ஒன்றைப் போட்டேன். சுத்தமான நிலையில் ஒருமுறை உறைய வைத்துவிட்டால் போதும். அதற்குப் பிறகு யார் என்ன எழுதினாலும், எதை இறக்கினாலும், அணைத்துத் திறக்கும்போது எல்லாம் மறைந்து பழைய நிலைக்கே வந்துவிடும். எனக்கு வந்த சந்தோஷத்தில், வருகிற எல்லோரிடமும் அதைச் சொல்லிப் பீற்றிக்கொண்டேன். வேலை முடிந்தால் அணைத்துவிட்டுப் போங்கள், அணைத்தால் எல்லாம் போய்விடும் என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுதிச் சுவரில் ஒட்டினேன். மின்னஞ்சலில் 'வெளியேறு' என்று ஒரு பொத்தான் இருப்பதை நான் ஒருவருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதற்குத் தேவை இருப்பதாகவே தோன்றவில்லை.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. கணினிக்கு அவ்வப்போது பாதுகாப்பு அப்டேட்டுகள் வரும். அவை இல்லாவிட்டால் வைரஸுக்கும் திருட்டுக்கும் கதவு திறந்துகிடக்கும். என் கணினிகளோ குப்பையை மறப்பதுபோல் அப்டேட்டையும் மறந்தன. காலையில் இறக்கும், மாலையில் மறக்கும், மறுநாள் அதையே திரும்ப இறக்கும். அதனால் வாசகசாலைக்கு விடுமுறையான புதன்கிழமை மதியம் மூன்று மணியை அதற்கென்று ஒதுக்கினேன். மூன்று மணிக்கு உறைவு தானாக இளகும். அப்டேட்டுகள் இறங்கிப் பதியும். நாலு மணிக்குத் தானாகவே மறுபடி உறையும். நான் வரவேண்டிய தேவைகூட இல்லை. வாசகசாலையைத் திறந்து பூட்டுகிற அக்கா புதன்கிழமைதான் தரை துடைக்க வருவார். வந்ததும் ஐந்தையும் போட்டுவிடச் சொல்லியிருந்தேன், அவரும் தவறாமல் போட்டுவந்தார்.

அந்த நாட்களில்தான் ஆரியங்கோட்டிலிருந்து ஒரு பெண் வரத் தொடங்கினாள். முப்பது வயது இருக்கும். பக்கத்தில் ஒரு தையல் கடையில் வேலை. முதல் நாள் வாசலில் நின்றே கேட்டாள்.

"அண்ணா, இதுல எழுதினத வேற யாராவது பாப்பினுமா?"

"அணைச்சா எல்லாம் போவும். எனக்கே பாக்க முடியாது" என்றேன் நான், பெருமையாக.

அவள் சனிக்கிழமைகளில் வருவதில்லை. காரணம் அவளே சொன்னாள். சனிக்கிழமை காலையில் அரசு வேலைத் தேர்வுகளுக்கு விண்ணப்பம் போட வருகிற பையன்களில் ஒருவன் அவளுடைய கொழுந்தன். கணவனின் சொந்தத் தம்பி, ஒரே வீட்டில் இருப்பவன். அதனால் செவ்வாயும் வெள்ளியும் கடை விட்டு பஸ் வருவதற்கு முன் அரைமணி நேரம் வருவாள். உட்கார்ந்தால் முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கிற நாலாவது கணினிதான் அவளுக்கு வேண்டும். ஒருநாள் மலையாளத்தில் ஒரு கூட்டெழுத்து வரவில்லை என்று கூப்பிட்டாள். பேசுவது தமிழானாலும் இங்கே மனு என்றால் மலையாளத்தில்தான் எழுதவேண்டும். எழுத்தை அடித்துக் கொடுக்கும்போது அதற்கு முந்தைய வரி கண்ணில் பட்டுவிட்டது. கணவன் கையைப் பின்னால் முறுக்கி அடித்ததைப் பற்றிய வரி. நான் ஒன்றும் பார்க்காதவன்போல் என் இடத்துக்கு வந்தேன், ஆனால் அன்று முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை.

பெண்கள் பாதுகாப்பு அலுவலகத்துக்கான புகார் அது. மின்னஞ்சலில் எழுதிச் சேமித்து வைத்திருந்தாள், அனுப்பவில்லை. ஒவ்வொரு முறையும் வந்து நாலு வரி சேர்ப்பாள், இரண்டு வரி எடுப்பாள், கணினியை அணைப்பாள், திரை கறுக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போவாள். வீட்டில் அவளுடைய போனைக் கணவன் தினமும் வாங்கிப் பார்ப்பானாம். எங்கள் நாலாவது கணினியை விட்டால் அவளுக்கு எழுத வேறு இடம் இல்லை.

ஐப்பசியில் வரும் துலா மழை தொடங்கியது. அந்த மாதத்தில் எங்கள் பக்கம் மதியம் இரண்டரை, மூன்று மணிக்குக் கிழக்கே மலைப்பக்கம் கறுக்கும், உடனே இடியும் மின்னலும் தொடங்கும். முதல் இடி கேட்டதும் எல்லா வீடுகளிலும் டிவி, பிரிட்ஜ், மிக்ஸி என்று பிளக்கை ஊரிப்போடுவது வழக்கம். நானும் அப்படித்தான். வகுப்பில் கணினியைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறவன், என் வீட்டில் இடி கேட்டதும் ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்குவேன். அதே நான்தான் புதன்கிழமை மதியம் மூன்று மணியைத் தேர்ந்தெடுத்தேன். ஊரில் ஒரு பிளக்கும் சுவரில் இருக்காத நேரம் என்று ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை வகுப்பு முடிந்து மதியம் வாசகசாலைக்குப் போனேன். அக்கா வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார். ஆரியங்கோட்டுப் பையன் பத்து மணி முதல் நாலாவது கணினியை விட்டு எழும்பவில்லையாம், மற்ற பிள்ளைகள் சண்டைக்கே வந்துவிட்டார்களாம், கேட்டாலும் பதில் இல்லையாம். எனக்குக் கோபம் வந்தது. ஒருவருக்கு அரைமணி நேரம் என்றும் எழுதி ஒட்டியிருக்கிறேன். திட்டத் தயாராக உள்ளே போனேன்.

அவன், அவளுடைய கொழுந்தன்தான், விண்ணப்பப் பக்கத்தைத் திறந்துவைத்துச் சும்மா உட்கார்ந்திருந்தான். ஒரு எழுத்துகூட நிரப்பியிருக்கவில்லை. என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அண்ணா, இதுல ஒரு ஆளுக்க மெயில் தொறந்து கெடக்கு. வேற யாரும் வந்து இருக்கப்பிடாதுண்ணு இருந்தேன்."

"மூடிட்டு வெளிய வரப்பிடாதா?"

"மூடினா எழுதினது போயிருமோண்ணு பயம். அணைச்சா எல்லாம் போவும்ணு நீங்கதானே சொன்னது."

மின்னஞ்சலில் எழுதியது கணினியில் இருப்பதில்லை, வெளியேறினால் ஒன்றும் அழியாது. அதை இந்த ஊரில் யாருக்கும் நான் சொல்லவில்லை. நான் அடித்துக்கொண்ட தம்பட்டத்தை நம்பி அவன் இரண்டரை மணி நேரம் காவல் இருந்திருக்கிறான். கை நீட்டி வெளியேறு பொத்தானை அழுத்தினேன். யாருடைய மின்னஞ்சல் என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. விண்ணப்பம் போடாமலே அவன் எழுந்து போனான்.

அவன் போனபிறகுதான் திரையின் மூலையைப் பார்த்தேன். உறைவு இளகிக் கிடக்கிறது என்று காட்டும் சின்னச் சிவப்புக் குறி அங்கே இருந்தது. ஐந்து கணினியிலும் இருந்தது. வியாழனும் வெள்ளியும் நான் இந்த அறையில்தான் உட்கார்ந்திருந்தேன், மேசையைத் துடைத்தேன், கீபோர்டைத் துடைத்தேன், அந்த மூலையை மட்டும் பார்க்கவில்லை.

அக்காவிடம் கேட்டேன்.

"புதனாழ்ச்ச இடி வெட்டிச்சு, நான் எல்லாத்தையும் ஊரிப்போட்டேன். எல்லாப் புதனும் ஊருவேனே, பின்ன எரிஞ்சு போவட்டும்ணு விடவா?" என்றார் அக்கா.

அவர் செய்ததில் ஒரு குற்றமும் இல்லை. முந்தைய வாரங்களில் இடி மூன்று மணிக்கு முன்பே வந்திருக்கிறது. அதனால் உறைவு இளகவே இல்லை, ஒரு மாதமாக அப்டேட்டும் ஏறவில்லை. இந்தப் புதன் இடி கொஞ்சம் தாமதமாக, இளகியபிறகு வந்தது. அக்கா பிளக்கை ஊரினார், மறுபடி உறைய வேண்டிய நேரத்தில் கணினிகளில் கரண்ட் இல்லை. மறுநாளிலிருந்து எல்லாம் திறந்தபடியே கிடந்தன. வெள்ளிக்கிழமை அவள் எழுதினாள், வழக்கம்போல் அணைத்தாள், திரை கறுப்பதைப் பார்த்துவிட்டு நிம்மதியாகப் போனாள். என் வார்த்தையை நம்பிப் போனாள். வெளியேறாத அவளுடைய மின்னஞ்சல் கணினியில் அப்படியே திறந்துகிடந்தது.

செவ்வாய்க்கிழமை வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிறு கோயிலில் ஜெபத்துக்குத் தலை குனிந்தபோதும் அவன் வாசித்திருப்பானா என்பதே மனதில் ஓடியது. வாசித்து அண்ணனிடம் சொல்லியிருந்தால் அந்த வீட்டில் இப்போது என்ன நடந்துகொண்டிருக்கும் என்ற நினைப்பு என்னை விடவில்லை. அவளுக்குப் போன் செய்ய முடியாது, அந்தப் போன் யார் கையில் இருக்கும் என்று எனக்குத் தெரியும். செவ்வாய் அவள் வராமல் போனால் என்ன செய்வது என்பதை யோசிக்கவே பயமாக இருந்தது.

அவள் வந்தாள். உட்கார்வதற்கு முன்பே நான் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். இடியை, பிளக்கை, சிவப்புக் குறியை, நான் பார்க்காமல் விட்டதை. தப்பு என்னுடையது என்றும் சொன்னேன். அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டாள்.

"தெரியும் அண்ணா. அவன் வாசிச்சான். சனியாழ்ச்ச சாயங்காலம் நான் துணி துவைக்கப்பம் வந்து நின்னான். மைனி, அத அனுப்புங்க, கேட்டா நானும் வந்து சொல்லுவேன்ணு சொன்னான்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவன் நல்லவனாக இருந்தது என் கெட்டிக்காரத்தனம் இல்லை. அந்த நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்திருக்கலாம். இதை நினைக்கும்போதெல்லாம் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

இப்போது அப்டேட்டுக்கு நேரம் காலை ஆறரை மணி. துலா மாதத்திலும் காலையில் இடி இருக்காது. புதன்கிழமைகளில் நானே போய், ஐந்தும் மறுபடி உறைந்து சிவப்புக் குறி மறையும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். டுட்டோரியலுக்குத் தாமதமானால் ஆகட்டும். சுவரில் ஒட்டியிருந்ததைக் கிழித்துவிட்டு, முதலில் வெளியேறுங்கள், பிறகு அணையுங்கள் என்று புதிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் நாலாவது கணினியில் உட்கார்ந்து முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை வாசித்தாள். ஒரு வரியும் சேர்க்கவில்லை, ஒன்றையும் எடுக்கவில்லை. அனுப்பினாள். வெளியேறும் பொத்தான் எங்கே என்று என்னிடம் கேட்டு, அவளே அழுத்தினாள். பிரிண்ட் எடுத்த இரண்டு பிரதிகளில் ஒன்றை மடித்துப் பைக்குள் வைத்தாள். மற்றதை என்னிடம் நீட்டினாள்.

"இது இஞ்ச இருக்கட்டும். இத மட்டும் அழிச்சிராதீங்க அண்ணா."

யாருடையதையும் வைத்துக்கொள்ளாதவன் என்று பேர் வாங்கிய நான், அதை வாங்கி என் மேசை டிராயரில் வைத்துப் பூட்டினேன்.