பிச்சையம்மாளின் பதினோரு விநாடி

என் மதினி பிச்சையம்மாள் அழுததை நீங்களும் டிவியில் பார்த்திருக்கலாம். பாளம் பாளமாக வெடித்த கண்மாய்க்குள் நின்று, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுவாள். மொத்தமே பதினோரு விநாடி. பின்னால் புல்லாங்குழல். நான்கு வருடமாக வெயில், வறட்சி, புவி வெப்பம் என்று எந்தப் பேச்சு வந்தாலும் டிவிக்காரர்களுக்கு மதினிதான் கைக்குச் சிக்குகிறாள்.

அவள் மழைக்காக அழவில்லை. அன்று விறகுக்குக் கருவேல முள் வெட்டப் போயிருந்தாள். நிருபர் மைக்கை நீட்டி, "மழை இல்லாம எப்படிம்மா பொழைக்கிறீங்க?" என்று கேட்டிருக்கிறார்.

"எங்களுக்கு இது புதுசா? பேஞ்சா வெதைப்போம், பேயலேன்னா நூறு நாள் வேலைக்குப் போவோம்" என்றிருக்கிறாள்.

அந்தப் பதில் அவருக்குப் போதவில்லை. வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று அடுத்துக் கேட்டார். என் அண்ணன் உக்கிரபாண்டி பந்தல்குடி ரோட்டில் லாரி மோதிச் செத்து அப்போது மூன்று மாதம்கூட ஆகவில்லை. மதினி உடைந்துவிட்டாள். கேள்வியை வெட்டிவிட்டு அழுகையை மட்டும் வைத்துக்கொண்டார்கள். 'மழை பொய்த்ததால் கண்ணீர் வடிக்கும் விவசாயி' என்று கீழே எழுத்து ஓடியது.

ஊர் சும்மா இருக்குமா? "ஏலே வெள்ளத்துரை, ஒங்கண்ணன லாரி கொன்னுச்சா, வெயிலு கொன்னுச்சா?" என்று என்னைக் கேட்டுச் சிரித்தார்கள். அதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. எல்லாம் தெரிந்த நானே அந்தக் காட்சியை நாலு குரூப்புக்கு அனுப்பினேன், அழுகிற பொம்மையும் சேர்த்து. நம்ம வீட்டு ஆள் டிவியில் வந்துவிட்டது என்ற பெருமைதான், வேறென்ன?

மதினி கோபப்படவில்லை. "இம்புட்டுப் பேரு பாத்து அழுதுருக்காக. நாளைக்கு நமக்கு ஒண்ணுன்னா வராமலா போவாக?" என்றாள். அதை நம்பவும் செய்தாள்.

இந்தத் தை மாதம் அந்த 'ஒண்ணு' வந்தது. ஐப்பசியில் போட்ட உளுந்து நன்றாகக் காய்த்திருந்தது. செடியைப் பிடுங்கி, வழக்கம்போலத் தார்ரோட்டில் பரப்பினாள். போகிற வருகிற பஸ்ஸும் லாரியும் ஏறினால் காய் உடைந்துவிடும். தையில் எங்கள் பக்கம் மழைக்கு வேலையே கிடையாது. இந்த முறை நான்கு நாள் விடாமல் அடித்தது. அள்ளிக் குவித்துத் தார்ப்பாயைப் போட்டோம். ஐந்தாம் நாள் பாயை விலக்கினால் குவியல் முழுக்க வெள்ளை வெள்ளையாக முளை.

அன்றைக்கு டிவியில், 'வறண்ட பூமியில் தை மழை, விவசாயிகள் மகிழ்ச்சி' என்றார்கள்.

"அந்த டிவித் தம்பிக்குப் போனப் போடுங்க. அவரு வந்து பாக்கட்டும்" என்றாள் மதினி. அன்று அவர் கொடுத்துவிட்டுப் போன நம்பருக்குப் போட்டேன். நிருபர் மரியாதையாகத்தான் பேசினார். "மழைன்னா சந்தோஷச் செய்தி சார். முளைச்ச உளுந்தைக் காட்டினா யாருக்குப் புரியும்?"

"வரமாட்டாராமா?" என்று கேட்டாள்.

மறுநாள் முளைத்து அழுகத் தொடங்கிய உளுந்தை ஒரு சாக்கில் கட்டிக்கொண்டு, திருச்சுழியில் வேளாண்மை ஆபீசரிடம் காட்டலாம் என்று கிளம்பினோம். அருப்புக்கோட்டையில் பஸ் மாற வேண்டும். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். கடை டிவியில் புவி வெப்பம் பற்றி ஏதோ சிறப்பு நிகழ்ச்சி. கொஞ்ச நேரத்தில் புல்லாங்குழல் கேட்டது. மதினி தலையைக் குனிந்துகொண்டாள். இந்த நான்கு வருடத்தில் ஆளே வற்றி, தலை நரைத்துவிட்டாள். யாருக்கும் அடையாளம் தெரியவில்லை.

பக்கத்தில் இருந்த அம்மாள் கண்ணைத் துடைத்தாள். பொய்க் கண்ணீர் இல்லை, நிஜமாகவே அழுதாள். "பாவம், யாரு பெத்த மகளோ. இவுகளுக்கு ஆராச்சும் ஏதாச்சும் செய்யக் கூடாதா?" என்றாள் என்னிடம். காட்சி முடிந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு மதினி பக்கம் திரும்பினாள்.

"ஏம்மா, அந்தச் சாக்கக் கொஞ்சம் தள்ளி வையி. நாத்தம் தாங்கல."

அந்த அம்மாளைத் திட்ட எனக்கு யோக்கியதை கிடையாது. ஆனாலும், இவுகதான் அவுக என்று சொல்ல வாயைத் திறந்தேன். மதினி என் கையை அமுக்கினாள். "வேணாம் தம்பி. அழுது முடிச்சிட்டாக" என்றாள். பிறகு சாக்கைத் தூக்கிக்கொண்டு வெளியே வெயிலில் போய் நின்றாள்.